சக்கரத்தில் ஒரு கால், ஓடுதளத்தில் ஒரு கால்

பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேட்டிங் பயிற்சியைப் பற்றியும் தடகளப் போட்டிகளைப் பற்றியும் இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பெற்றோர், ஆசிரியர், மாணவர் என மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு களங்களிலும் பல ஆண்டுகள் பயிற்சியளித்தவன் என்ற முறையில், பலருக்கும் பொதுவாக உள்ள ஐயங்களை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஏழு வயதிலிருந்து இன்லைன் ஸ்கேட்டிங் (சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள காலணியில் சறுக்குவது) பழகுகிறாள். இந்த ஆண்டு பள்ளித் தடகள அணியில் 200 மீட்டர் ஓட்டத்துக்கும் தொடரோட்டத்துக்கும் தேர்வாகியிருக்கிறாள். ஓடப் பழகினால் ஸ்கேட்டிங்குக்கு வேண்டிய கால்பழக்கம் கெட்டுவிடும் என்கிறார் ஸ்கேட்டிங் பயிற்சியாளர். ஸ்கேட்டிங்கை விட்டால்தான் ஓட்டத்தில் முன்னேற முடியும் என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். நான் எதை நிறுத்துவது?

பதில்: எதையும் நிறுத்த வேண்டாம். இருவரும் தத்தம் விளையாட்டின் மீதுள்ள அக்கறையால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 11 வயதுப் பெண்ணின் உடலுக்கு எது நல்லது என்று கேட்டால், இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது என்பேன்.

ஓடுபவரின் பாதம் தரையைக் கீழ்நோக்கியும் பின்னோக்கியும் தள்ளுகிறது. வேக ஓட்டத்தில் அந்தப் பாதம் ஒவ்வொரு முறையும் தரையில் இருப்பது ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஸ்கேட்டரோ முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, பக்கவாட்டில், நீண்ட நேரம் அழுத்தித் தள்ளுகிறார். ஒரு காலால் தள்ளி முடித்ததும் உடல் எடை முழுவதையும் மற்றக் காலின் மெல்லிய சக்கர வரிசை தாங்குகிறது. அதனால் இடுப்பின் பக்கத் தசைகளும் தொடையின் உட்புறத் தசைகளும் வலுப்பெறுகின்றன, ஒற்றைக் காலில் சமநிலை கைவருகிறது. ஓட்டத்தில் பின்தொடைத் தசைகளும் கெண்டைக்காலும் அதிகம் உழைக்கின்றன. பாதம் தரையில் விழும்போது எழும் அதிர்வு, வளரும் வயதில் எலும்பை உறுதியாக்குகிறது. சறுக்கிச் செல்லும் ஸ்கேட்டிங்கில் அந்த அதிர்வு குறைவு. ஆகவே ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கிறது.

பயிற்சியாளரின் அச்சத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. நெடுநேரம் குனிந்தே ஸ்கேட் செய்த பிள்ளையின் இடுப்பு முன்தசைகள் இறுகிவிடுவதால், அன்றே ஓட வந்தால் நிமிர்ந்து ஓட முடியாமல் காலடி குறுகிவிடும். பயிற்சிகளின் வரிசையை மாற்றினால் இது தீர்ந்துவிடும். கடினமான ஸ்கேட்டிங் பயிற்சியின் மறுநாள் வேக ஓட்டம் வைக்கக் கூடாது. ஸ்கேட்டிங் முடிந்ததும் இடுப்பைத் தளர்த்தும் நீட்சிப் பயிற்சிகளையும் மெதுவான நீள அடி ஓட்டத்தையும் பத்து நிமிடம் செய்ய வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு விளையாட்டிலும் இடக்கை உட்புறமாக இருக்கும்படி ஒரே திசையில்தான் வளைவில் திரும்புகிறோம். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து பழகும் உடலுக்கு, பயிற்சிக்கு முன்னான மெதுவான சுற்றுகளிலாவது எதிர்த்திசையில் திரும்பும் வாய்ப்பைக் கொடுங்கள்.

உண்மையான ஆபத்து மொத்தச் சுமையில் இருக்கிறது. இரண்டு பயிற்சியாளர்களும் தங்கள் பங்கை மட்டும் கணக்கிடுவார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க வீட்டில்தான் ஆள் வேண்டும். விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு பிள்ளை வாரத்தில் செய்யும் முறையான பயிற்சியின் மணிக்கணக்கு, அந்தப் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்கு எல்லாம் சேர்த்து வாரம் 11 மணி நேரம் என்பது மேல் எல்லை. அதையே இலக்காக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் பயிற்சியே இல்லாத நாளாக இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் செய்த பயிற்சியையும், உறங்கிய நேரத்தையும், எங்கேனும் வலி இருந்தால் அதையும் மகளே எழுதட்டும். அந்த நோட்டை இரண்டு பயிற்சியாளர்களும் பார்க்கட்டும். அவர்களிடையே உள்ள பிணக்கில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும் என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

ஒரே விளையாட்டில் முழுமையாக இறங்கும் முடிவைப் பூப்புக்குப் பிந்தைய வயதுக்கு, ஏறக்குறைய 15, 16 வயதுக்குத் தள்ளிவைப்பதே நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான கருத்து. சின்னஞ்சிறு வயதிலேயே ஒன்றில் மட்டும் பூட்டப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை விழுவதால் வரும் காயங்களும் சலிப்பும் அதிகம். அந்த வயது வரும்போது எதைத் தொடர்வது என்பதை அவளே சொல்வாள். கடிதம் முழுவதும் இரண்டு ஆசிரியர்களின் கருத்தை எழுதியிருக்கிறீர்கள். மகளின் விருப்பம் என்னவென்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் அதே ஏழெட்டுப் பிள்ளைகள்தாம் எல்லாப் பரிசுகளையும் வாங்குகிறார்கள். மற்றவர்கள் பார்வையாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள். இவர்களை எப்படிக் களத்துக்குக் கொண்டுவருவது?

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016-ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. சிறுமியரில் அது 85 விழுக்காடு. ஓரத்தில் நிற்பவர்கள் உலகெங்கும் பெரும்பான்மையினர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பள்ளி மைதானம் யாருக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு வேறு விடை கிடைக்கும்.

அந்த ஏழெட்டுப் பேரும் ஏன் வெல்கிறார்கள் என்று பாருங்கள். திறமை இருக்கலாம், ஆனால் 12, 13 வயதில் வெல்பவர்களில் பலர் மற்றவர்களைவிட முந்தி வளர்ந்துவிட்டவர்கள். உடல் மிக வேகமாக உயரும் காலம் சிறுமியருக்குச் சராசரியாக 12 வயதிலும் சிறுவருக்கு 14 வயதிலும் வருகிறது. ஒருவருக்கொருவர் இரண்டு ஆண்டு முன்பின்னாக இருப்பதும் இயல்பே. அதன் மேல், ஒரே வயதுப் பிரிவில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளையும் இறுதியில் பிறந்த பிள்ளையும் சேர்ந்தே ஓடுகிறார்கள். ஆகவே இன்று கடைசியாக வருகிற சிறுவனுக்கு ஓட்டம் வராது என்று எவரும் தீர்ப்பெழுத முடியாது. அவன் உடலுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

நான் பயிற்சியளித்த ஓர் இடத்தில் ஒரு சிறிய மாற்றம் செய்தோம். வெற்றி பெற்றவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு, தங்கள் முந்தைய நேரத்தையோ தூரத்தையோ முறியடித்த எல்லோருடைய பெயரையும் அதே அளவு எழுத்தில் ஒட்டத் தொடங்கினோம். முதல் முறை அந்தப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்த ஒரு சிறுமி, ஓட்டத்தில் கடைசியாக வந்தவள், தன் தோழியரை அழைத்து வந்து காட்டியதை இன்றும் மறக்க முடியவில்லை. அடுத்த முறை அந்தத் தோழியரும் ஓட வந்தார்கள்.

தடகளம் என்றாலே 100 மீட்டர் ஓட்டம் என்று நினைக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். கட்டுமஸ்தான பிள்ளைக்குக் குண்டு எறிதலும், நெட்டையான பிள்ளைக்கு உயரம் தாண்டுதலும், நிதானமான பிள்ளைக்கு நடைப்போட்டியும் இருக்கின்றன. ஆனால் கருவி வயதுக்கேற்றதாக இருக்க வேண்டும். வளர்ந்த ஆண்கள் எறியும் குண்டின் எடை 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. 18 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு 5 கிலோவும் சிறுமியருக்கு 3 கிலோவும் விதித்திருக்கிறார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அதனினும் குறைவாகவே கொடுக்க வேண்டும். பெரியவர்களின் குண்டைக் கொடுத்துவிட்டு, எறியத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. தொடரோட்டத்தை வகுப்புக்கு வகுப்பு, இருபது பேர் ஓடும்படி வையுங்கள். தன் வகுப்புக்காக ஓடும்போது கூச்சமுள்ள பிள்ளையும் ஓடிவிடும்.

ஸ்கேட்டிங்கையும் இதே நோக்கில் பாருங்கள். ஓட்டத்தில் தோற்றுத் தோற்று மனம் விட்டுப்போன பிள்ளை, சக்கரத்தில் எல்லோரோடும் சேர்ந்து புதிதாகத் தொடங்குகிறது. வகுப்பின் வேகமான ஓட்டக்காரனும் அங்கே முதல் நாள் தடுமாறித்தான் விழுவான். பள்ளியிலேயே ஆறேழு ஜோடி ஸ்கேட்டுகளும் காப்புக் கவசங்களும் இருந்து, முறைவைத்து அணியக் கொடுத்தால், வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் விலக வேண்டியிருக்காது.

கேள்வி: ஓட்டப் பந்தயத்தில் மார்பை நீட்டி முடிக்கச் சொல்கிறார்கள். ஸ்கேட்டிங்கில் காலை நீட்டச் சொல்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு? நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன்.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. தடகள விதிப்படி, தலை, கழுத்து, கை, கால் தவிர்த்த நடுவுடல் முடிவுக் கோட்டை எப்போது எட்டுகிறதோ அதுவே உன் நேரம். ஸ்கேட்டிங் வேகப் போட்டியில் முன்னால் இருக்கும் ஸ்கேட்டின் முனை கோட்டை எட்டும் கணத்தைக் கணக்கில் கொள்கிறார்கள். ஓடுபவரின் பாதம் ஒரு கணம் முன்னும் மறுகணம் பின்னுமாக மாறிக்கொண்டே இருப்பதால் அதைக் கொண்டு அளப்பது பொருந்தாது. ஸ்கேட்டரோ தரையோடு ஒட்டிச் சறுக்குகிறார். சக்கரத்தை முன்னே செலுத்துவதும் அந்தத் திறனின் ஒரு பகுதி.

இந்த விதியின் கனத்தை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், அணி வீரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் செல்லும் ஆண்களுக்கான 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் போட்டியில் தென்கொரிய அணி முன்னிலையில் இருந்தது. கடைசிச் சுற்றில் வந்த ஜுங் சியோல்வோன், வென்றுவிட்டோம் என்று எண்ணிக் கோட்டுக்குச் சற்று முன்பே நிமிர்ந்து கைகளை உயர்த்தினார். பின்னால் வந்த தைவான் வீரர் ஹுவாங் யூலின் விடாமல் தன் காலை முன்னே நீட்டினார். தைவானின் நேரம் 4 நிமிடம் 5.692 நொடி, கொரியாவின் நேரம் 4 நிமிடம் 5.702 நொடி. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் தங்கம் கைமாறியது. அதே பந்தயத்தில் வெண்கலம் வென்றது இந்திய அணி. ஜுங் தன் அணியினரிடம் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார். அந்த வீரரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஓட்டமானாலும் ஸ்கேட்டிங்கானாலும், கோட்டுக்கு ஐந்து மீட்டர் அப்பால் இன்னொரு கோடு இருப்பதாக எண்ணி அதுவரை வேகம் குறையாமல் போகப் பழகு.

கேள்வி: மகனுக்கு முதன்முதலாக ஸ்கேட் வாங்கப் போகிறோம். வளரும் பிள்ளை என்பதால் ஓர் அளவு பெரியதாக வாங்கலாமா? கவசங்கள் அனைத்தும் தேவைதானா?

பதில்: பெரியதாக வாங்காதீர்கள். தளர்ந்த காலணிக்குள் பாதம் அசையும்போது கணுக்கால் உட்புறமாகச் சாய்ந்து, பிள்ளை அந்தச் சாய்வோடேயே பழகிவிடும். நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்புறத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் சற்று விலக வேண்டும். நீளத்தைச் சில அளவுகள் வரை கூட்டிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்கேட்டுகள் தொடக்கக்காரர்களுக்கென்றே கிடைக்கின்றன. சக்கரம் 70 முதல் 80 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தால் போதும். பந்தய வீரர்களின் 100, 110 மில்லிமீட்டர் சக்கரங்கள் பிள்ளையைத் தரையிலிருந்து உயர்த்திவிடும், நிறுத்துவதும் கடினம்.

கவசங்கள் அனைத்தும் தேவை. விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறோம். ஆகவே இந்த விளையாட்டில் மிகுதியாகக் காயப்படுவது மணிக்கட்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த ஸ்கேட்டர்களைக் கொண்டு 1996-இல் வெளியான ஆய்வில், மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் நேரும் வாய்ப்பு, அணிந்தவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று கண்டறிந்தார்கள். பந்தயங்களில் பெரிய வீரர்கள் தலைக்கவசம் மட்டும் அணிந்து செல்வதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் மற்றவற்றைக் கழற்றிவிடத் துடிப்பார்கள். இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. இரண்டு ஆண்டுக்கு முன் 400 மீட்டரில் என் பள்ளியில் நான்தான் முதலிடம். இப்போது என் நேரம் குறையவே இல்லை, கூடிக்கூடப் போகிறது. உடம்பு மாறிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தேன், களைப்புதான் வந்தது. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் வயதில் மிகப் பல பெண்கள் இதே காரணத்தால் களத்தை விட்டுப் போகிறார்கள். அவர்களிடம் எவரும் எதையும் விளக்கிச் சொல்லாததே அதற்குக் காரணம். பூப்புக்குப் பிறகு பெண்ணுடலில் இடுப்பு அகலும், எடை கூடும். இது வளர்ச்சி, குறைபாடு அன்று. நீளமான கால்களையும் மாறிய எடைமையத்தையும் உன் தசைகள் புதிதாகக் கற்றுக்கொள்ள ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அந்த இடைவெளியில் நேரம் நின்றுபோவதும், சிறிது கூடுவதும் இயல்பு. பொறுமையாக வலுப்பயிற்சி செய்பவர்கள் அதைக் கடந்து மீண்டும் முன்னேறுகிறார்கள்.

உணவைக் குறைப்பதை இன்றே நிறுத்திவிடு. பயிற்சிக்கும் வளர்ச்சிக்கும் போதுமான உணவு கிடைக்காத உடல், முதலில் மாதவிடாயைத் தாமதப்படுத்தும் அல்லது நிறுத்தும். பின்னர் எலும்பின் உறுதியைக் குறைக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கென்றே ஒரு தனிப் பெயரிட்டு, பயிற்சியாளர்களை எச்சரித்தது. மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனாலோ, ஒரே எலும்பில் தொடர்ந்து வலி இருந்தாலோ, அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பார். மாதவிடாய் நாள்களில் பயிற்சிக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். அதைக் கேலியாகவோ சாக்காகவோ கருதும் பயிற்சியாளர் தன்னைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு பருவம் 400 மீட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, தடை தாண்டும் ஓட்டத்தையோ நீளம் தாண்டுதலையோ முயன்று பாரேன். முந்தைய நேரத்தோடு ஒப்பிட எதுவும் இல்லாத இடத்தில் மனம் இலேசாகும்.

கேள்வி: ஒலிம்பிக்கில் இல்லாத இன்லைன் ஸ்கேட்டிங்கில் பிள்ளைகள் காலத்தைச் செலவிடுவது வீண் அல்லவா?

பதில்: இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். 2018-இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் இந்த வேகப் போட்டி இடம்பெற்றது. ஆசிய விளையாட்டுகளிலும் உலக விளையாட்டுகளிலும் இடம்பெற்றிருக்கிறது. தமிழ் மண்ணில் வளர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் நடந்த உலக வாகையர் போட்டியில் 1000 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார். சக்கரத்திலிருந்து பனிக்கு மாறி ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களும் இருக்கிறார்கள். 2022-இல் பெய்ஜிங்கில் 500 மீட்டர் பனித்தள ஸ்கேட்டிங் வேகப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்காவின் எரின் ஜாக்சன், சிறுவயது முதல் இன்லைன் ஸ்கேட்டிங்கில் வளர்ந்தவர். பனியில் பழகத் தொடங்கிய சில மாதங்களிலேயே 2018 ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தவர். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் அப்படி வந்தவரே. ஆனால் பதக்கத்துக்கு வழி இருப்பதால்தான் பிள்ளை ஸ்கேட் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாலையில் ஒரு மணி நேரம் வியர்வை சிந்த, சிரித்துக்கொண்டு திரும்புகிற பிள்ளையின் காலம் எந்தக் கணக்கிலும் வீணாகாது.

கேள்வி: 13 வயதுப் பேரனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் அதிகம். வளர்ச்சி வலி என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாக உயரும் வயதில், தொடைத் தசையின் நாண் முன்காலெலும்பில் பற்றும் இடத்தை இழுத்து இழுத்து இத்தகைய புடைப்பும் வலியும் வருவது பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் அடங்கிவிடும். மருத்துவர் அதுதான் என்று உறுதிசெய்தால், குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் தாழ்ந்து குனியும் ஸ்கேட்டிங்கையும் சில வாரங்களுக்குக் குறைக்க வேண்டியிருக்கும்; முழு ஓய்வு எல்லோருக்கும் தேவைப்படாது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு என்று எவரும் அவனிடம் சொல்லக் கூடாது.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு ஸ்கேட்டிங்கில் முதலில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

பதில்: விழுவதையும் எழுவதையும். கவசங்களை அணிவித்து, புல்தரையில் ஸ்கேட்டோடு நிற்கவையுங்கள். புல்லில் சக்கரம் உருளாது என்பதால் அச்சம் இருக்காது. முழங்காலை மடக்கி, கைகளை முன்னால் வைத்து, முழங்கால் காப்பின் மேல் மெதுவாக முன்புறம் விழச் சொல்லுங்கள். பிறகு ஒரு காலை மடக்கி ஊன்றி, அந்த முழங்காலின் மேல் இரு கைகளையும் வைத்துத் தானே எழட்டும்; நீங்கள் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். பத்து முறை விழுந்து எழுந்த பின், வாத்து நடப்பதைப் போலப் பாதங்களை வெளிப்புறம் விரித்து நடக்கட்டும். குதிகால் பிரேக்கை அழுத்தி நிற்கப் பழகுவது சமதளத்தில், அதற்கு அடுத்த வாரம்.